ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்தேன்

திருத்தணி
5-2-1989

அன்புள்ள தம்பி பாலுவுக்கு,

அக்கா தேவகியின் ஆசிகள். இங்கே நானும் உன் பாவாவும் சௌக்கியம். கமலாவுக்கு வாந்தி நின்றதா? ஆறாம் மாதம் ஆகிறது, இனிமேலாவது அவளைக் குடம் தூக்கவிடாதே. வில்லிவாக்கம் அடிபம்பில் நீ போய் நாலு குடம் அடித்தால் கை தேய்ந்துவிடாது.

கார் வந்ததிலிருந்து தெருவில் எனக்குப் புது மரியாதை. தாலுகா ஆபீஸில் டைப் அடிக்கிறவள் வீட்டு வாசலில் கார் நிற்கிறதா என்று எங்கள் தாசில்தாரே ஒருநாள் இந்தப் பக்கமாக நடந்து பார்த்துவிட்டுப் போனார். மற்றவர்கள் வருஷக்கணக்கில் காத்திருக்கும் வண்டியை நீ உன் கம்பெனியிலேயே இரண்டே வாரத்தில் வாங்கிக் கொடுத்தாய். "மச்சான் இல்லன்னா நடக்குமா" என்று உன் பாவா டீக்கடையில் போய் தினமும் சொல்கிறார். இருபத்திரண்டு வருஷம் ஊரார் வண்டியை ஒரு கீறல் இல்லாமல் ஓட்டின மனுஷன், இப்போது சொந்தக் காரின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே தேய்த்துவிடுவார் போலிருக்கிறது. காருக்காகப் போன என் வளையல்களும் பாங்கிக் கடனும் எனக்கு ஞாபகமே வரவில்லை.

உனக்குத் தெரிந்ததுதான். எந்தப் புது வண்டியானாலும் மலைமேல் முருகனுக்கு முன் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்காமல் அவர் சாவியைத் தொடமாட்டார். அதனால்தான் ஷோரூமில் ஓட்டிப் பார்க்கவில்லை. 'ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்தேன்' என்று அச்சடித்த காகிதத்தில், நீ விரல் வைத்த இடத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, கம்பெனி டிரைவரையே மலைவரை ஓட்டிவரச் சொன்னார். நீ வேறு, வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் என்று காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி பறந்தாய். நீ போட்ட சாம்பிராணிப் புகையில் எனக்குக் கார் எந்த நிறம் என்றே வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

ஒரே ஒரு விஷயம். புகையும் மல்லிகையும் போனபிறகு உள்ளே ஒரு நாற்றம் வருகிறது. ஈரச் சாக்கை மூடி வைத்த மாதிரி. புது வண்டி என்றால் அப்படித்தான் இருக்குமா? எழுது. கமலாவை மாதுளை சாப்பிடச் சொல்.

உன் அக்கா,
தேவகி


வில்லிவாக்கம்
14-2-1989

அன்புள்ள அக்காவுக்கு,

பாலு வணக்கத்துடன் எழுதுவது. கமலா நன்றாக இருக்கிறாள். குடத்தை நானே தூக்குகிறேன், போதுமா?

புது வண்டியில் ரப்பர், பெயின்ட், பசை எல்லாம் சேர்ந்து அப்படித்தான் ஒரு வாசனை வரும். பகலில் கண்ணாடியை இறக்கி வெயிலில் விட்டால் போய்விடும். இதைப் போய் ஊரில் யாரிடமும் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். சர்வீஸுக்குப் பாவா நேராக என்னிடமே வரட்டும். அங்கே உள்ளூர் மெக்கானிக் யாரும் கை வைத்தால் கம்பெனி காரண்டி போய்விடும். இதை மட்டும் பாவாவுக்கு அழுத்திச் சொல்.

உனக்கு ஒரு நல்ல சேதி. இந்த மாதம் முதல் தேதியிலிருந்து என்னை சர்வீஸ் பிரிவில் நிரந்தர கிளார்க் ஆக்கிவிட்டார்கள். ஆறு வருஷ நாய்ப்பிழைப்பு முடிந்தது. முருகனுக்கு என் பேரில் ஒரு அர்ச்சனை செய்.

உன் தம்பி,
பாலு


திருத்தணி
20-3-1989

அன்புள்ள பாலுவுக்கு,

ஆசிகள். அர்ச்சனை செய்துவிட்டேன், பிரசாதம் இத்துடன் இருக்கிறது. கமலாவின் கால் வீக்கம் குறைந்ததா?

எங்கள் பாட்டைக் கேள். நீ சொன்னபடி கண்ணாடியை இறக்கி வெயிலில் விட்டோம். வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறியது. ஊதுவத்தி, கற்பூரம், எலுமிச்சைத் தோல், ஒரு டப்பா பவுடர் எல்லாம் போட்டேன். செத்த எலிக்குப் பவுடர் பூசினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. போன வாரம் திருப்பதி சவாரி. மணவூர் தாயம்மாள் குடும்பம், பேரனுக்கு மொட்டை போடப் போனார்கள். நகரி தாண்டுவதற்குள் மூன்று பேர் வாந்தி. புத்தூரில் வண்டி நின்றேவிட்டது. ஹாரன் தானாக அடிக்கிறது, விளக்கு எரியவில்லை. அந்த அம்மாள் நடுரோட்டில் இறங்கி, "இன்னாங்க இது, காரா கக்கூஸா? புள்ளைக்கு மொட்டை போடப் போய்க்கினு இருக்கிறோம், இப்படியா நாறுறது?" என்று கத்தினாளாம். உன் பாவா சவாரிக் காசைத் திருப்பிக் கொடுத்து, அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்தார். வந்தவர் சாப்பிடவில்லை.

மறுநாள் உன் காரண்டியை நான் மூட்டை கட்டி வைத்துவிட்டு, அரக்கோணம் ரோட்டு மெக்கானிக் துளசிங்கத்தைக் கூப்பிட்டேன். அவன் சீட்டைத் தூக்கினான். கதவின் உள்பலகையைக் கழற்றினான். உள்ளே கறுப்புச் சேறு காய்ந்து அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. அதில் நத்தை ஓடுகள், ஒரு ஆகாயத்தாமரைத் தண்டு, தலைமயிர்ச் சிக்கு. நான் பின்பக்கம் ஓடிப் போய் வாந்தி எடுத்தேன். துளசிங்கம் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "யக்கா, இது தண்ணியில முழுகி எந்திரிச்ச வண்டி. ரெண்டு நாளாவது சாக்கடையில நின்னுகினு இருந்திருக்குது. சீட்டு வரைக்கும் கோடு தெரியுது பாருங்க" என்றான்.

பாலு, இது எப்படி? நீ அங்கேயே இருக்கிறாய். உன் மேனேஜரைக் கேட்டு எழுது. ஒருவேளை உனக்கும் தெரியாமல் உன் தலையில் கட்டிவிட்டார்களா? உன் பாவா அப்படித்தான் சொல்கிறார்.

தேவகி


திருத்தணி
12-4-1989

அன்புள்ள பாலுவுக்கு,

இருபது நாளுக்கு மேல் ஆயிற்று, உன்னிடமிருந்து ஒரு கார்டு கூட இல்லை. கமலாவுக்கு ஒன்றும் இல்லையே? எனக்கு அதுதான் முதல் கவலை.

நீ எழுதாததால் கம்பெனிக்கு நானே எழுதினேன். பதில் வந்திருக்கிறது, நல்ல வழவழக் காகிதத்தில். வண்டி முழுப் பரிசோதனைக்குப் பிறகே ஒப்படைக்கப்பட்டதாம். வாங்கியவர் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்து கையெழுத்திட்டிருக்கிறாராம். அதற்கப்புறம் 'ஓட்டுநரின் கவனக்குறைவால் வாகனம் ஆற்று வெள்ளத்தில் இறக்கப்பட்டிருப்பதாகத் தெரிகிறது' என்று எழுதியிருக்கிறான். எந்த ஆறு? எங்கள் நந்தி ஆற்றில் மாசி, பங்குனியில் ஆடு மூத்திரம் பெய்தால்தான் ஈரம். இங்கே ஆகாயத்தாமரை எங்கே இருக்கிறது? நாங்கள் படத்தில் பார்த்தால் உண்டு.

இதைப் படித்துக் காட்டாமல் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை, என் புத்தி. உன் பாவா 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "இன்னோரு தபா படி" என்றார். படித்தேன். லைசென்ஸை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஃபைன் கிடையாது, ஒரு ஆட்டுக்குட்டியை இடித்தது கிடையாது. அதை மூடி வைத்துவிட்டு வெளியே போனவர் இருட்டின பிறகுதான் வந்தார்.

பாலு, வண்டி போனால் போகட்டும். அந்த மனுஷன் பேர் போகக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அந்தத் தண்ணீர் எங்கே ஏறியது என்று கேட்டு ஒரே வரி எழுது.

தேவகி


வில்லிவாக்கம்
25-4-1989

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். வேலை நெருக்கடியில் கடிதம் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். கமலாவுக்கு வரும் முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. நீயும் பாவாவும் சனிக்கிழமையே வந்துவிட வேண்டும். குழந்தைக்கு அத்தையாகப் போகிறவள்தான் முதல் வளையல் போட வேண்டும் என்று கமலா சொல்கிறாள்.

வண்டி விஷயமாக மேனேஜரிடம் பேசினேன். தங்கமான மனிதர். சீட் உறைகளை இலவசமாக மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதை வாங்கிக்கொண்டு இதை இத்தோடு விடுவதுதான் புத்திசாலித்தனம். பெரிய இடத்தோடு மோதி நமக்கு என்ன ஆகப்போகிறது? கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் எழுதுவார்கள், அது வெறும் நடைமுறை. பாவா அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அவரை எல்லோருக்கும் தெரியும்.

வளைகாப்புக்கு வரும்போது மலைப் பிரசாதம் கொண்டு வா.

பாலு


திருத்தணி
8-5-1989

பாலுவுக்கு,

கமலாவுக்கு என் கையால் வளையல் போட்டேன், பெண் முகத்தில் களை இருக்கிறது. சுகப்பிரசவம் ஆகட்டும். நீதான் அன்று முழுக்கப் பந்தல்காரனோடும் சமையல்காரனோடும் பேசிக்கொண்டிருந்தாய். அக்காவோடு பேச உனக்கு ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லை. பாவா கையைக் கழுவிக்கொண்டு உன் பக்கமாக வந்தபோது நீ மாடிக்குப் போனாய். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சீட் உறையை உன் தங்கமான மேனேஜரையே போர்த்திக்கொள்ளச் சொல். பிணத்துக்குப் புதுவேட்டி கட்டுவது போல என் காருக்கு உறை மாட்ட வருகிறாரா?

ஊரில் இப்போது பேச்சு மாறிவிட்டது. கம்பெனி சொன்னது எப்படியோ பரவி, "துரைக்கண்ணு வண்டியைத் தண்ணியில வுட்டுட்டானாமே" என்கிறார்கள். பழைய முதலாளிகள் கூடக் கல்யாண சவாரிக்கு வேறு டிரைவரைத் தேடுகிறார்கள். நேற்று ஒருவன், "இன்னாண்ணா, குடிச்சிட்டா ஓட்டினே?" என்று சிரித்தானாம். குடி என்றால் வாசனை கூடத் தெரியாத மனுஷன். அவர் இப்போது டாக்ஸி ஸ்டாண்டுக்கே போவதில்லை. நாறுகிற காருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் ஆபீஸில் ஒரு கெஜட்டைப் பார்த்தேன். பொருள் வாங்கி ஏமாந்தவர்களுக்கு என்று சட்டம் வந்திருக்கிறது, மாவட்டத்துக்கு ஒரு மன்றமாம். வக்கீல் வேண்டாம், ஸ்டாம்பு வேண்டாம், வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். எழுதவும் டைப் அடிக்கவும் எனக்கு யார் உதவி வேண்டும்? நாலு பிரதி அடித்து, உன் பாவா கையெழுத்தோடு செங்கல்பட்டுக்கு அனுப்பியாயிற்று. சேற்றை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். நீதிபதியும் முகர்ந்து பார்க்கட்டும்.

நேராகக் கேட்கிறேன். உனக்கு முன்பே தெரியுமா, தெரியாதா?

தேவகி


வில்லிவாக்கம்
16-6-1989

அன்புள்ள அக்காவுக்கு,

27-5 அன்று பெண் குழந்தை பிறந்த விவரம் தந்தியில் தெரிந்திருக்கும். தாயும் சேயும் நலம். உன் மூக்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

கம்பெனிக்கு மன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "உன் அக்காதானே?" என்று கேட்டார். அக்கா, மனுவை வாபஸ் வாங்கிவிடு. குழந்தை முகத்தைப் பார்த்தாவது செய். இந்த வேலை போனால் எனக்கு வேறு கதி இல்லை.

பாலு


திருத்தணி
20-6-1989

பாலுவுக்கு,

குழந்தைக்கு என் ஆசிகள். தங்க மோதிரம் செய்யக் கொடுத்திருக்கிறேன். கமலாவுக்குப் பூண்டு லேகியம் பார்சலில் வருகிறது, வேளைக்கு ஒரு உருண்டை.

நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

தேவகி


வில்லிவாக்கம்
2-7-1989

அன்புள்ள அக்கா,

இதைப் படித்ததும் எரித்துவிடு. பாவாவிடம் காட்டாதே.

தெரியும். ஐப்பசி மழையில் கம்பெனி கிடங்குக்குப் பின்னால் கால்வாய் உடைத்துக்கொண்டது. மூன்று கார்கள் இரண்டு நாள் சீட் மட்டத்துக்குச் சாக்கடைத் தண்ணீரில் நின்றன. கழுவி, காயவைத்து, வயர்களைத் துடைத்துப் புதுசு என்றே தள்ளிவிடச் சொன்னார்கள். மூன்றுக்கும் ஆள் பிடித்துக் கொடுத்தால் என்னை நிரந்தரம் ஆக்குவதாக மேனேஜர் சொன்னார். இரண்டை வெளி ஜில்லாக்காரர்கள் தலையில் கட்டினேன். மூன்றாவதற்கு ஆள் அமையவில்லை. ஜனவரி முடிவதற்குள் முடிக்க வேண்டும் என்று நெருக்கினார்கள். அப்போதுதான் பாவா கார் வாங்க ஆசைப்படுகிறார் என்று நீ எழுதினாய்.

சத்தியமாக அது ஓடும் என்றுதான் நினைத்தேன். நாற்றமும் நாளாக ஆகப் போய்விடும் என்றார்கள். வெளியாள் என்றால் கேஸ் போடுவான், அக்கா போடமாட்டாள் என்று நினைத்தேன். மழைக்கால சர்வீஸ் பதிவில் அந்த வண்டியின் எஞ்சின் நம்பர், என் கையெழுத்தோடு இருக்கிறது. அதை மேனேஜர் எடுத்து ஒளித்துவிட்டார்.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் காட்டிக்கொடுத்துவிடாதே. எனக்கு இப்போது ஒரு குழந்தை இருக்கிறது.

பாலு


திருத்தணி
9-7-1989

பாலசுப்பிரமணியனுக்கு,

உன் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. வெளியாள் என்றால் கேஸ் போடுவான், அக்கா போடமாட்டாள். காரிலிருந்து சேறு உரிந்து வந்தபோது எனக்குக் குமட்டியது. அதைவிட இது அதிகமாகக் குமட்டுகிறது. ஊரில் கிடைக்காத ஏமாளியைத் தேடிக் கடைசியில் என் வீட்டுக்கு வந்திருக்கிறாய். அம்மா போனபிறகு உனக்கு ஒன்பது வருஷம் சோறு போட்டது இந்தக் கை. அந்தச் சோற்றைத் தின்ற விரலால்தான் உன் பாவாவுக்குக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினாய்.

உன் பாவாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். எனக்கு அவரிடம் மறைத்துப் பழக்கமில்லை. கேட்டுவிட்டு, "பையன் பயந்துக்கினு இருக்கிறான், வுடு" என்றார். பயந்துகொண்டிருக்கிறானாம்! எனக்கு வந்த கோபத்தில் அவரையும் நாலு வார்த்தை கேட்டுவிட்டேன்.

ஆகஸ்டு இருபத்தொன்றாம் தேதி விசாரணை. இந்தக் கடிதத்தை நான் கொடுக்க மாட்டேன். நீயே வந்து உன் வாயால் சொல். இவர் காரைத் தண்ணீரில் இறக்கவில்லை, எங்கள் கிடங்கில்தான் முழுகியது என்று அவ்வளவு சொன்னால் போதும். வேலை போனால் திருத்தணிக்கு வா. எங்கள் வீட்டில் உனக்கும் கமலாவுக்கும் குழந்தைக்கும் இடம் இருக்கிறது, சோறும் இருக்கிறது. இதை நான் கோபத்தில் எழுதவில்லை. நிஜமாகவே கூப்பிடுகிறேன்.

குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கும்போது தேனைக் குறைத்துக்கொள்ளச் சொல்.

தேவகி


திருத்தணி
24-8-1989

பாலசுப்பிரமணியனுக்கு,

நீ பார்த்ததைத்தான் எழுதுகிறேன். நீ பார்க்காமல் போனதும் கொஞ்சம் இருக்கிறது.

விடியற்காலை ரயிலில் அரக்கோணம் போய், அங்கிருந்து செங்கல்பட்டு பாசஞ்சர் பிடித்துப் போனோம். வழியெல்லாம் உன் பாவா, "மச்சான் வருவான், பாரு" என்றார். நீ வந்தாய். டை கட்டிக்கொண்டு, கம்பெனி வக்கீலுக்குப் பின்னால், கம்பெனி ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாய். அதைப் பார்த்ததும் உன் பாவா முகம் எப்படி ஆயிற்று என்று நான் எழுதப் போவதில்லை.

உங்கள் வக்கீல், இவர் டாக்ஸிக்கு வாங்கினவர், வியாபாரி, நுகர்வோரே இல்லை என்றார். "ஒரு கார், அதையும் தானே ஓட்டிப் பிழைக்கிறார். இவர் எந்த ஊர் வியாபாரி?" என்று மன்றத் தலைவர் கேட்டார். அதற்கப்புறம் அந்தக் கையெழுத்துக் காகிதத்தை எடுத்தார்கள். உறுப்பினராக உட்கார்ந்திருந்த அம்மாள் என் பாட்டிலைத் திறந்து முகர்ந்துவிட்டு, புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். உன்னைக் கூப்பிட்டார்கள். நீ சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "வண்டி நல்ல நிலையில்தான் கொடுக்கப்பட்டது. கிடங்கில் தண்ணீர் வந்ததாக எனக்குத் தெரியாது" என்றாய். உன் பாவாவைக் கேட்டார்கள், "தண்ணீரில் இறக்கினீர்களா?" "இல்லீங்க" என்றார். "வேறு சாட்சி உண்டா?" "இல்லீங்க" என்றார். உன்னைக் கைகாட்டவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் வெளியே மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். நீ படியிறங்கி வந்தாய். அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பையன் எளச்சிப் பூட்டான் தேவகி. கூப்ட்டு ரெண்டு வாய் குடு" என்றார். நான் அசையவில்லை. அவரே எழுந்து, "மச்சான், வா, சாப்ட்டுப் போ" என்று கூப்பிட்டார். உனக்குக் காதில் விழுந்தது. வக்கீல் பக்கம் திரும்பிக்கொண்டு நடந்துவிட்டாய்.

சாப்பிட உன்னைக் கூப்பிட்ட அந்தக் குரலைக் கேட்டுவிட்டு நீ போன பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. மத்தியானம் மன்றம் கூடியதும், நீங்கள் எல்லோரும் ஓட்டலிலிருந்து வருவதற்குள், உன் ஜூலை இரண்டாம் தேதிக் கடிதத்தைத் தலைவர் மேஜைமேல் வைத்தேன். உன் பாவா என் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் கையை நான் உதறினது அது ஒரு தடவைதான்.

எரிக்கச் சொன்னாய். நீ எனக்கு இந்த வருஷம் எழுதினதில் உண்மையான கடிதம் அது ஒன்றுதான், எப்படி எரிப்பேன்?

தேவகி


வில்லிவாக்கம்
12-9-1989

அக்காவுக்கு,

கம்பெனியிலிருந்து என்னை நேற்றோடு நிறுத்திவிட்டார்கள். ஒளித்து வைத்திருந்த சர்வீஸ் பதிவை மன்றம் கேட்டு வாங்கிவிட்டது. எல்லாம் நான் மட்டும் செய்தது போல மேனேஜர் எழுதிக் கொடுத்துவிட்டார். நம்பி எழுதின கடிதத்தை அம்பலத்தில் வைத்துவிட்டாய். கூடப் பிறந்தவள் செய்கிற காரியமா இது? உனக்குத் திருப்திதானே?

பாலசுப்பிரமணியன்


திருத்தணி
30-11-1989

பாலசுப்பிரமணியனுக்கு,

தேவகி எழுதுவது. இங்கே இருவரும் நலம். கமலாவின் கடிதம் வந்தது. டிசம்பர் பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்குத் திருத்தணி மலையில் மொட்டை போட்டுக் காது குத்தப் போவதாக எழுதியிருக்கிறாள். நீ அம்பத்தூரில் ஒரு சைக்கிள் உதிரிபாகக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறாள். நல்லது. சைக்கிளுக்குள் சேறு ஒளிக்க இடமில்லை.

செப்டம்பரில் நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். எனக்குத் திருப்தி இல்லை. ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. உன்னை நினைத்து அழுதேன், அழுதுகொண்டே உன்னைத் திட்டினேன். ஆனால் திரும்பவும் அதே மேஜை, அதே கடிதம் என்றால் மறுபடியும் வைப்பேன்.

தீர்ப்பு வந்து மூன்று வாரம் ஆகிறது. 'வாகனத்தின் பழுதுக்கு மனுதாரர் துரைக்கண்ணு ஓட்டிய விதம் எவ்வகையிலும் காரணமல்ல' என்று நாலாம் பக்கத்தில் இருக்கிறது. அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். "இன்னோரு தபா படி" என்றார். படித்தேன். காரைப் பற்றி, நஷ்ட ஈட்டைப் பற்றி எழுதியிருந்ததை அவர் கேட்கவே இல்லை. அந்த ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து, லைசென்ஸோடு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனார். ஆறு மாதத்துக்கப்புறம் அன்றுதான் போனார். முதலில் சிரித்தவனே டீ வாங்கிக் கொடுத்தானாம். அந்த டீயை ஏன் குடித்தீர்கள் என்று நான் சண்டை போட்டேன்.

மற்ற இரண்டு காரை வாங்கினவர்களும் மன்றத்துக்குப் போய்விடுவார்களோ என்ற பயத்தில், அப்பீல் கிப்பீல் என்று இழுக்காமல் கம்பெனிக்காரர்கள் வேறு கார் கொடுத்துவிட்டார்கள். போன வியாழக்கிழமையிலிருந்து அது ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே ரப்பர் வாசனைதான் வருகிறது.

மொட்டைக்கு வேண்டியதை எல்லாம் நான் ஏற்பாடு செய்துவிட்டேன். குழந்தைக்குப் பட்டுப்பாவாடை, கம்மல், கமலாவுக்குப் புடவை மூன்றும் தயார். காலை ரயிலில் இறங்கியதும் உன் பாவா காரோடு ஸ்டேஷன் வாசலில் நிற்பார். கமலாவும் குழந்தையும் மலை உச்சிவரை அதில்தான் வருகிறார்கள். முன்சீட்டில் உனக்கும் இடம் இருக்கிறது என்று அவர் சொல்கிறார். "மச்சானை மட்டும் கீழ வுட்டுட்டு ஏறினா நல்லாவா இருக்கும்?" என்று நேற்றிலிருந்து என் பின்னாலேயே சுற்றுகிறார். அவர் குணம் அது, அதை மாற்ற என்னால் முடியாது.

மலைக்கு ஸ்டேஷன் பக்கத்திலிருந்து பஸ் போகிறது. நீ பஸ்ஸில் வா.

தேவகி